ஒட்டாத ரத்தம்

என் ரத்தம் அய்யாவின் சதையில் ஒட்டவில்லை என்று சொன்ன டாக்டரம்மாவை நான் வெகுநாள் மன்னிக்கவில்லை. எங்கள் வீட்டில் அப்பாவை அய்யா என்றுதான் கூப்பிடுவோம்.

தாராவியில் தோல் பதனிடும் கம்பெனி ஒன்றில் அய்யாவுக்குச் சாயத் தொட்டியில் வேலை. சிறுநீரில் ரத்தம் போனபோது, சூட்டு உடம்பு, மோர் குடி என்றார் முதலாளி. அய்யா மோரும் குடித்தார், தொட்டியிலும் நின்றார். கடைசியில் ஆஸ்பத்திரியில் சிறுநீர்ப்பையிலிருந்து ஒரு கட்டியை வெட்டி எடுத்தார்கள்.

அங்கே லேபில் இருந்தவர் மாட்டுங்காத் தமிழ் டாக்டரம்மா. அந்தக் கட்டியைச் சோதிக்க அய்யாவின் பி குரூப் ரத்தம் புதிதாகக் கொஞ்சம் வேண்டும், அவரோ ஏற்கெனவே வெளுத்துக் கிடக்கிறார் என்றார். வீட்டில் எனக்குத்தான் அதே குரூப். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. மாஹிம் கழிமுகத்தில் கண்டெடுத்த பிள்ளை என்று என்னை ஓயாமல் சீண்டும் அத்தைக்கு இனி என்ன பேச்சு இருக்கிறது? அழாமல் கையை நீட்டினேன்.

மெல்லியதாகச் சீவிய கட்டியின் துணுக்கு ஒரு கண்ணாடித் துண்டில் இருந்தது. அதில் ஏதோ மருந்தை விட்டுக் கழுவினார். பிறகு என் ரத்தம் கலந்த உப்புத்தண்ணீரை விட்டார். சற்றுப் பொறுத்துக் கண்ணாடியைக் கவிழ்த்தார். மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்துவிட்டு, "கட்டியில ஒண்ணுமே ஒட்டலை," என்றார் அம்மாவிடம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் எங்கய்யா புள்ளதான். ஒங்க கண்ணாடிதான் சரியில்ல," என்றேன்.

அம்மா என் வாயைப் பொத்தினாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "உன் ரத்தத்துல ஒரு குறையும் இல்லேம்மா," என்றார். பிறகு அம்மாவை மட்டும் தனியே அழைத்துப் போய்ப் பேசினார்.

ரத்தத்தில் உள்ள குரூப்பின் அடையாளம் சிறுநீர்ப்பையின் உள்தோலிலும் உண்டு என்பதையும், அந்த மருந்து இரண்டையும் பிணைக்கும் என்பதையும் வளர்ந்த பிறகே தெரிந்துகொண்டேன். அடையாளத்தைத் தொலைத்த கட்டியில் எந்த ரத்தமும் ஒட்டாது. அப்படிப்பட்டவை உடம்பில் பரவும் பொல்லாத புற்று என்பது டாக்டரம்மாவின் சந்தேகம். இனி சாயத்தைத் தொடவே கூடாது என்றும் சொல்லியிருந்தார். முதலாளியோ, தொட்டி வேலை இருக்கிறது, இஷ்டமிருந்தால் வா என்றார். அய்யா போனார். அடுத்த மழைக்காலத்தை அவர் பார்க்கவில்லை. மோர் குடிக்கச் சொன்ன அந்த மனிதர் மேல் எனக்கு இன்றுவரை ஆத்திரம் ஆறவில்லை.

அன்றைக்கு இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? கிங்ஸ் சர்க்கிள் தாண்டியும் பஸ்ஸில் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்கு நேர்ந்த அவமானத்துக்குத்தான் அழுகிறாள் என்று நினைத்தேன்.

"அழாதம்மா," என்றேன். "வேற லேபுல காட்டுவோம். அங்க ஒட்டும்."