கம்பளியோடு ஒன்பதரை கிலோ

டாக்டரின் கைக்கணினி எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்த இரண்டாம் நாளே நான் அதைச் சோதிக்கத் தொடங்கிவிட்டேன்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. ஹட்டனிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் மேலே ஏறினால், தேயிலை மலைகளுக்கு நடுவே பன்னிரண்டு கட்டில்களோடு இருந்தது எங்கள் ஆஸ்பத்திரி. அங்கே நான் தாதி. எல்லோருக்கும் மிஸ்ஸி. டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். அந்தக் கருவியை வெளிநாட்டிலிருந்த அண்ணன் அவருக்கு அனுப்பியிருந்தார். சவர்க்காரக் கட்டி அளவுதான் இருக்கும். குழந்தையின் எடையைச் சிறு குச்சியால் தொட்டுக் கொடுத்தால், வலிப்புக்கு இவ்வளவு, மூச்சுத் திணறலுக்கு இவ்வளவு என்று அவசர மருந்துகளின் அளவுகள் வரிசையாக வந்து நிற்கும்.

எனக்கு அது பிடிக்கவில்லை. பெருக்கியதைக் காட்டாமல் விடையை மட்டும் நீட்டும் எதையும் நான் நம்பியதில்லை. ஒரு கோடு போட்ட கொப்பி எடுத்தேன். இடப்பக்கம் கருவி சொன்ன அளவு, வலப்பக்கம் நான் கையால் பெருக்கிய அளவு. ஒத்துப்போனால் ஒரு சரி.

"என்ன மிஸ்ஸி, இண்டைக்காவது பிழை பிடிச்சியளோ?" என்று டாக்டர் தினமும் சீண்டுவார்.

"இன்னும் இல்லீங்க டாக்டர். மாட்டாமயா போயிரும்?"

ஏழு வாரத்தில் முப்பத்தொரு குழந்தைகள், முப்பத்தொரு சரி. எனக்குச் சந்தேகம் குறையவில்லை. பிழையே விடாத ஆளைக் கண்டாலும் எனக்கு அப்படித்தான்.

எட்டாம் வாரம் ஒரு வியாழக்கிழமை, காலைத் தேநீருக்கு முன், ஒரு தாய் ஓடி வந்தாள். கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவளை மலையிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். மழைக்கு இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கைக்கூட அவள் அவிழ்த்திருக்கவில்லை. கையில் கம்பளி சுற்றிய குழந்தை, ஒன்றரை வயதுப் பெண், வலிப்பில் கைகால் வெட்டிக்கொண்டிருந்தது.

"புள்ளைக்கு இழுக்குதுங்க மிஸ்ஸி! காம்பராவிலேயே தொடங்கிருச்சு!"

காம்பரா என்றால் பிள்ளைக் காம்பரா. தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போகும் இடம். அங்கே மாதம் ஒரு முறை எடை பார்த்து அட்டையில் எழுதிக் கொடுப்பார்கள். அவள் மடியில் அந்த அட்டை இருந்தது. டாக்டர் வாங்கிப் பார்த்தார். போன வாரத் திகதி, ஒன்பதரை கிலோ. குச்சியால் தொட்டார். எண் வந்தது. நான் பெருக்கினேன். அதே எண். பழக்கத்தில் ஒரு சரியும் போட்டுவிட்டு மருந்தை ஊசிக்குழாயில் ஏற்றினேன்.

குழந்தையைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டியிருந்தது. நனைந்த கம்பளியையும் சுவட்டரையும் உருவிப் போட்டுவிட்டுத் தூக்கினேன். என் கைக்கு அது ஒன்பதரை கிலோவாக இல்லை. மணிக்கட்டு என் பெருவிரல் அளவு.

"இந்த எடை எப்படிப் போட்டாங்க? உடுப்போடவா?"

"கம்பளி, சுவட்டர் எல்லாத்தோடயும்தான் மிஸ்ஸி."

"அதைக் கழிக்கலையா?"

அந்த நேரத்திலும் அவளுக்குக் கோபம் வந்தது. "கொழுந்து நிறுக்கிறப்ப கூடைக்குக் கழிக்கிறாங்க, தண்ணிக்குக் கழிக்கிறாங்க. எம் புள்ளையிலயும் கழிக்கணுமா? காம்பராவுல நாங்க யாரும் கழிக்க விட மாட்டோம்."

"மிஸ்ஸி, இழுப்பு நிக்கேல்லை. ஏன் பாத்துக்கொண்டு நிக்கிறியள்? குடுங்கோ!" என்றார் டாக்டர்.

"எடை தப்புங்க டாக்டர். கூடக் குடுத்தா மூச்சு நின்னுரும்."

வெட்டி இழுக்கும் பிள்ளையைக் குழந்தைத் தராசில் கிடத்த முடியாது. பெரியவர்களை நிறுக்கும் தராசு கதவோரம் இருந்தது. குழந்தையோடு தாயை அதில் ஏற்றினேன். பிறகு குழந்தையை நான் வாங்கிக்கொண்டு அவளைத் தனியாக நிற்க வைத்தேன். அந்தத் தராசில் அரை கிலோவுக்கு ஒரு கோடுதான். வித்தியாசம் ஏழரைக்கும் எட்டுக்கும் நடுவில். "ஏழரைன்னு போடுங்க" என்றேன். டாக்டர் குச்சியால் தொட்டார். எண் இறங்கியது. ஊசிக்குழாயில் கூடுதலாக இருந்ததைத் தொட்டியில் பீய்ச்சிவிட்டு, மீதியைக் கொடுத்தோம்.

இழுப்பு நின்றது. ஆனால் அந்த அளவுக்கே மூச்சு மெதுவானது. முகத்தில் வைத்து அமுக்கி மூச்சு ஊட்டும் பையை டாக்டர் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் கடிகாரத்தைப் பார்த்து ஒவ்வொரு மூச்சாக எண்ணினேன். இருபது நிமிடம் கழித்துக் குழந்தை கண் திறந்து அழுதது. டாக்டர் பையைக் கீழே வைத்தார்.

கொப்பியை எடுத்தேன். முப்பத்திரண்டு சரிகள். கருவிக்குக் கொடுத்த எடைதான் எனக்கும் கொடுக்கப்பட்டிருந்தது. அது அட்டையை நம்பியது, நானும் அட்டையைத்தான் நம்பியிருக்கிறேன். அந்தக் குழந்தைகளில் எத்தனை பேர் கம்பளியோடு நிறுக்கப்பட்டவர்கள் என்று இனிக் கண்டுபிடிக்க வழியில்லை. எல்லோரும் பிழைத்தார்கள் என்பது மட்டும் தெரியும். அதில் என் கணக்குக்குப் பங்கு ஒன்றும் இல்லை.

பின்னேரம் குழந்தைத் தராசில் வெறும் உடம்போடு நிறுத்தேன். ஏழு கிலோ எண்ணூறு. அட்டையில் அதை எழுதியபோது தாய் எட்டிப் பார்த்தாள்.

"நீங்களுமா மிஸ்ஸி கழிக்கிறீங்க?"

கொழுந்து நிறுக்கும் கணக்கப்பிள்ளையின் தராசைப் பார்ப்பதுபோல என் கையைப் பார்த்தாள். அதைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நானும் ஏழு வாரம் அப்படித்தான் ஒரு கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காய்ந்திருந்த கம்பளியையும் சுவட்டரையும் அவள் கையிலேயே கொடுத்து, அவளையே தராசில் வைக்கச் சொன்னேன். ஒரு கிலோ எழுநூறு. முள் நிற்கும்வரை குனிந்து பார்த்தாள்.

"அப்ப ஒரு வருசமா கம்பளிதான் வளர்ந்திருக்கு" என்றாள். சிரிக்கவில்லை.

பிறகு குழந்தையை மறுபடி தராசில் வைக்கச் சொன்னாள். வைத்தேன். இந்த முறை முள்ளை அவளே படித்தாள்.