இரண்டு வீட்டுக்கு ஒரு குழவி

நான் முட்டாள் என்பதற்குச் சர்க்கார் முத்திரை குத்திய அத்தாட்சியே என்னிடம் இருந்தது. சேலத்தில் ஆசிரியர் பயிற்சி முடித்தபோது கொடுத்த காகிதம் அது. தேகப்பயிற்சியில் தேர்ச்சி பெற்றவர் என்று அதில் எழுதியிருந்தது. அதை நம்பி ஓர் ஐப்பசி மாதக் காலையில், காக்கி அரைக்கால் சட்டையும் கழுத்தில் விசிலுமாக, எங்கள் களத்து மேட்டில் அரை மணி நேரம் தன்னந்தனியாக 'லெஃப்ட் ரைட்' போட்டேன். பயிற்சி பெற வேண்டியவரோ வைக்கோல் போரில் சாய்ந்து உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். நான் திரும்பும்போதெல்லாம் கை தட்டினார். ஊரில் பாதிப்பேர் நேரில் பார்த்தார்கள். மீதிப்பேருக்குச் சாயங்காலத்துக்குள் சேதி போய்விட்டது.

வைக்கோல் போரில் இருந்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. வயது முப்பதைத் தாண்டியிருந்தது. மனசு மட்டும் ஏழெட்டு வயதிலேயே நின்றுகொண்டு, மேலே வர மாட்டேன் என்று சொல்லிவிட்டது. சின்ன வயதில் ஒருமுறை சந்தைக்குப் போனவர் வழி தவறி, இரண்டு நாள் கழித்து வத்தல்மலை அடிவாரத்தில் கிடைத்தாராம். அன்றைக்கு அம்மா போட்ட சட்டம், அவர் வாசலைத் தாண்டக் கூடாது என்பது. அதன் பிறகு அவருடைய வேலை உட்கார்ந்திருப்பது. அம்மாவின் வேலை அவருக்குப் போடுவது. மற்றவர்களுக்கு இரண்டு உருண்டை களி என்றால் அவருக்கு நாலு. "பாவம், அவனுக்கு வேற என்ன இருக்குது?" என்பாள். வேலைக்காரர்கள் உட்பட எல்லோரும் அவரை 'டேய்' என்றுதான் கூப்பிட்டார்கள், பிரியமாகத்தான். நானும் மாமா என்பேனே தவிர, 'வாங்க, போங்க' என்று சொன்னதில்லை.

பிரியம் அவர் உடம்பில் நன்றாகத் தெரிந்தது. யுத்தம் தொடங்க ஒன்றிரண்டு வருஷம் இருந்தபோது, வீட்டுக்கும் கிணற்றுக்கும் நடப்பதற்குள் அவருக்கு இரண்டு தடவை மூச்சு வாங்கியது. சாயங்காலமானால் பாதம் பன் ரொட்டிபோல வீங்கும். தர்மபுரிக்கு வண்டி கட்டி அழைத்துப்போனோம். டாக்டர் மார்பில் குழாயை வைத்துக் கேட்டார், காலை அமுக்கிப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"இவருக்கு நோவு ஒண்ணுமில்லைங்க. குந்த வெச்சே கெடுத்திருக்கறீங்க. நடக்க விடுங்க. இல்லாட்டி இருதயம் தாங்காது."

"நான் ஏதாச்சும் கொறை வெச்சனா சாமி?" என்று அம்மா கண்ணைக் கசக்கினாள்.

"கொறையே வெக்கலை. அதுதாங்க கொறை."

மாமாவுக்கு அந்தப் பேச்சில் அக்கறை இல்லை. அவருக்கு ஒரே ஒரு சந்தேகம். "மாசியில நான் மலை ஏறலாமா?" என்று டாக்டரைக் கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பல வருஷ வயது. மாசி மாதம் எங்கள் குடும்பம் தீர்த்தமலைக்குப் போகும். இரண்டு நாள் வண்டிப் பயணம். மாமாவும் வருவார், அடிவாரம் வரைக்கும். அங்கே வந்ததும் அம்மா, "நீ வண்டியில குந்து, மாட்டைப் பாத்துக்க" என்பாள். நாங்கள் மேலே ஏறிப் பாறையிலிருந்து விழும் தீர்த்தத்தில் தலையை நனைத்துக்கொண்டு இறங்குவோம். அவர் ஒவ்வொருத்தர் ஈரத் தலையையும் தொட்டுப் பார்த்து, "தண்ணி தானா வுழுவுதா?" என்று கேட்பார். அம்மா செம்பில் பிடித்துவந்த தீர்த்தத்தை அவர் தலையில் ஊற்றுவாள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இது சொம்புத் தண்ணி" என்பார். ஒரு வருஷம்கூட ஏமாந்ததில்லை.

"இப்ப இருக்கற ஒடம்புக்குப் பாதி மலையிலயே மூச்சு நின்னுடும்" என்றார் டாக்டர். "மாசிக்கு நாலு மாசம் இருக்குதே. தெனமும் நடந்தா பாக்கலாம்."

அங்கேதான் நான் குறுக்கே விழுந்து, "அதை நான் பாத்துக்கறேனுங்க" என்றேன். அத்தாட்சி இருக்கிறதே! அதன் விளைவாகத்தான் மேலே சொன்ன களத்துமேட்டு வைபவம். மறுநாளும் முயன்றேன். 'அட்டென்ஷன்' என்றால் சிரித்தார். விசில் ஊதினால், தன்னிடம் கொடு என்று கை நீட்டினார். கொடுத்தேன். அன்று முழுக்க அவர் உட்கார்ந்தபடி ஊதினார், நான் வீட்டில் ஓடிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் அவரே ஒரு கேள்வி கேட்டார்.

"மாப்ளே, இப்புடி நடந்து எங்க போறம்?"

"எங்கயும் இல்ல மாமா. இங்கயே போயி இங்கயே வரோம்."

"அதுக்கு நான் இங்கயே இருக்கறேன்" என்றுவிட்டுக் கடலையை எடுத்துக்கொண்டார். பயிற்சிப் பள்ளியில் இதற்குப் பதில் சொல்லித்தரவில்லை.

கார்த்திகையில் ஒருநாள் இண்டூரிலிருந்து சேதி வந்தது. என் அக்காவை அங்கேதான் கொடுத்திருந்தது. எங்கள் ஊரிலிருந்து இரண்டு மைல். அக்கா வீட்டு அம்மியின் குழவி கை தவறி விழுந்து இரண்டாகிவிட்டதாம். எங்கள் வீட்டில் கூடுதலாக ஒன்று கிடந்தது. யாராவது அந்தப் பக்கம் போனால் கொடுத்தனுப்பலாம் என்று அம்மா அதைக் கழுவி வாசலில் வைத்தாள். மத்தியானம் பார்த்தால் குழவியைக் காணோம். மாமாவையும் காணோம்.

அம்மா போட்ட கூச்சலில் ஊரே கூடிவிட்டது. கிணறு, ஏரி, புளியந்தோப்பு என்று ஆளுக்கொரு திசையில் ஓடினார்கள். நான் விசிலை ஊதிக்கொண்டு ஓடினேன். எதற்கு ஊதினேன் என்று இன்றுவரை தெரியாது. கடைசியில் மாமா கிடைத்தது அக்கா வீட்டில். வேர்வை வழிய, சாப்பிட்டு முடித்து, வெற்றிலை வேண்டுமென்று கேட்டுக்கொண்டிருந்தார். வழியில் எத்தனை இடத்தில் உட்கார்ந்தாரோ தெரியாது. குழவி அம்மிமேல் இருந்தது.

அன்றைக்கு என் மூளை முதல்முறையாக வேலை செய்தது. அக்காவிடம் ரகசியமாகச் சொன்னேன். அன்றிரவு அங்கேயே தங்கிய மாமா, மறுநாள் அதே குழவியை, "அம்மாவுக்கு அரைக்கோணும், அவசரம்" என்ற சேதியுடன் திருப்பிக் கொண்டுவந்தார். அதற்கடுத்த நாள், "அக்காவுக்கு அவசரம்." இப்படியே ஒரு நாள் விட்டு ஒரு நாள் குழவி இண்டூருக்குப் போனது, வந்தது. முதலில் அம்மா பின்னாலேயே ஆள் அனுப்பினாள். பிறகு அதுவும் நின்றது. மார்கழி முடிவதற்குள் மாமா வழியில் ஓர் இடத்திலும் உட்காராமல் போனார். கால் வீக்கம் வடிந்தது. நாலு உருண்டை மூன்றானது. அதை அவரே குறைத்தார்: "வவுத்துல கல்லு, தோள்ல கல்லு, ரெண்டும் ஆவாது."

ஊர் சும்மா இருக்குமா? "ஏனுங்க வாத்தியாரே, ரெண்டு வூட்டுக்கும் ஒரே குழவிதானா?" என்று டீக்கடையில் கேட்டார்கள். நானும் சிரித்தேன். ஆனால் தை மாதம் எனக்குப் பெண் கொடுக்கலாமா என்று பார்க்கப் பெரிய வீட்டுக்காரர்கள் வருவதாகச் சேதி வந்ததும் என் சிரிப்பு நின்றுபோயிற்று. குழவிக்கல் வாங்க வக்கில்லாத வீடு என்று நினைத்துவிட்டால்?

அன்று காலை மாமா குழவியைத் துண்டில் கட்டித் தோளில் ஏற்றிவிட்டார். நான் வாசலில் மறித்தேன்.

"இன்னிக்கு வேணாம் மாமா. ஆளுங்க வராங்க. நீ பின்னால மாட்டுக் கொட்டாயில குந்து. வெளிய வராத."

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். குழவியை இறக்கினார். போய் உட்கார்ந்தார்.

பெண் வீட்டார் வந்தார்கள், சாப்பிட்டார்கள், எல்லாம் நல்லபடியாகப் பேசினார்கள். வண்டி ஏறும்போது பெரியவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "குழவி இன்னிக்கு எந்த வூட்டுல இருக்குதுங்க?" பெண் கொடுக்கவில்லை. பழியைக் குழவிமேல் போட்டேன். அந்த வருஷம் எடுத்த என் போட்டோவை இப்போது பார்க்கும்போது, குழவி நிரபராதி என்று தோன்றுகிறது.

அதைவிடப் பெரிய கெடுதல் மறுநாள் தெரிந்தது. மாமா கொட்டகையை விட்டு எழுந்திருக்கவில்லை. "அக்காவுக்கு அவசரம்" என்றேன். "நீ குந்தச் சொன்ன" என்றார். அதற்கடுத்த நாளும் அதே பதில். அம்மா பயந்துபோய் நாலாவது உருண்டையை மறுபடி போட்டாள், அவரும் அதைத் தின்றார். ஒரு வாரம் போயிற்று. பாதத்தில் விரலை அழுத்தினால் குழி விழுந்தது. மாசிக்கு ஒரு மாதம்கூட இல்லை. அந்த மனுஷரை இரண்டு மாதம் நடக்கவைத்தது ஒரு கல். உட்காரவைத்தது என் ஒரு வார்த்தை.

வேறு வழி தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை குழவியை நானே தூக்கித் தோளில் வைத்தேன். மாமா பார்க்கும்படி கொட்டகையைச் சுற்றிப் போனேன். அவர் அசையவில்லை. சரி, போனவன் திரும்பினால் மானம் போகும் என்று இண்டூர்ப் பாதையில் இறங்கினேன். ஏரிக்கரை வருவதற்குள் வலது தோள் போயிற்று, மதகு வருவதற்குள் இடது தோளும் போயிற்று. புளியமரத்தடியில் கல்லை இறக்கிவிட்டு நாய்போல இரைத்துக்கொண்டிருந்தபோது பின்னால் காலடிச் சத்தம்.

"குடு இங்க" என்றார் மாமா. "நீ போற வேகத்துக்கு உன் அக்கா நாளைக்குத்தான் அரைக்கும்."

அன்றுதான் நான் முதல்முறையாக அவருடன் கூடப் போனேன். அக்காவின் மாமனார் ஊரில் கொஞ்சம் முறுக்கானவர். என்னைக் கண்டால் தலையைக்கூட அசைக்க மாட்டார். அவர் தூரத்திலேயே மாமாவைப் பார்த்துக் கயிற்றுக் கட்டிலைவிட்டு எழுந்தார்.

"வாங்க, வாங்க! எட்டு நாளா ஆளையே காணமே! ஏ புள்ள, உங்க தாய்மாமன் வந்திருக்கறாரு பாரு. சொம்புல தண்ணி குடுத்து, எலை போடு. நீங்க மேல குந்துங்க."

மாமா கட்டிலில் அமர்ந்தார். அக்கா கல்யாணத்தில் தாய்மாமன் சீர்த்தட்டை இவர் கையால் தொடவைத்துவிட்டு, சபையில் வேறொரு பங்காளியை நிறுத்தினோம். இந்த வீட்டில் அதை யாரும் கணக்கில் வைக்கவில்லை. பொருள் கொண்டுவந்த தாய்மாமன், அவ்வளவுதான். "ஒடம்பு சரியில்லீங்க, அதான் வரலை" என்று மாமா கௌரவமாகச் சொன்னார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. எனக்குக் கீழே பலகை போட்டார்கள். குழவிக்காக நடக்கிறார் என்று நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

திரும்பும் வழியில், "மாமா, நாளைக்கும் போவீங்களா?" என்று கேட்டேன். அந்த 'ங்க' என் வாயில் முதல்முதலாக வந்தது, கொஞ்சம் திக்கிக்கொண்டு.

"தெனமும் போவேன்" என்றார்.

தினமும் போனார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்ற என் பாடத்திட்டம் தூக்கியெறியப்பட்டது.

மாசியில் தீர்த்தமலை அடிவாரத்தில் வண்டி நின்றது. அம்மா பழக்கத்தில், "நீ வண்டியில..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். மாமா வேட்டியை மடித்துக் கட்டி ஏறத் தொடங்கிவிட்டார். அவர் எங்கேயாவது தள்ளாடினால் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நான் கூடவே போனேன். கால் மலை வரை கூடப் போனேன். அரை மலையில் அவர் முதுகு தெரிந்தது. அதற்குமேல் எனக்கு என் முழங்கால்தான் தெரிந்தது. வழியில் உட்கார்ந்தேன், படுத்தேன், எழுபது வயதுக் கிழவிகள் என்னைத் தாண்டிப் போனதைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். மூன்று மாதமாக நடந்தது அவர். நான் உத்தியோகம் பார்த்தேன், அதாவது நாற்காலியில் உட்கார்ந்து விசில் ஊதினேன்.

ஒருவழியாக மேலே போய்ச் சேர்ந்தபோது மாமா தண்ணீரின் நேர் கீழே நின்றிருந்தார். பாறை உச்சியிலிருந்து இறங்கிய தண்ணீர் அவர் நடு மண்டையில் பட்டுத் தெறித்தது. வாயைத் திறந்து அண்ணாந்து நின்றார். பின்னால் வந்தவர்கள் காத்திருந்தார்கள். யாரும் அவரை நகரச் சொல்லவில்லை. அம்மா ஓரமாக நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

நான் ஒரு பாறையில் சரிந்தேன். தண்ணீர் விழும் இடம் வரை எழுந்துபோகக்கூட உடம்பில் தெம்பில்லை.

"மாமா," என்றேன், "எனக்கு மூச்சு வாங்குதுங்க. சொம்புல கொஞ்சம் தண்ணி புடிச்சாந்து என் தலையில ஊத்துங்களேன்."

மாமா முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ வண்டியில குந்து."