கூடைக்கு ரெண்டு, தண்ணிக்கு அஞ்சு

என் வாழ்க்கையில் நான் ஊஞ்சல் ஆடியது ஒரே ஒரு வருடம்தான், அதுவும் வயிற்றுப் பிள்ளையோடு. மரத்தில் கட்டிய ஊஞ்சல் இல்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து மடுவத்தில், கொழுந்து மூட்டைகளை நிறுக்கும் தராசின் கொக்கியில் மாட்டிய சணல் சாக்கு. அதற்குள் உட்கார்ந்து காலைத் தூக்கிக்கொண்டால் நான் எத்தனை றாத்தல் எடை என்று தராசு சொல்லிவிடும். இப்போது நினைத்தாலும் உள்ளங்கால் கூசுகிறது. அப்படி ஒரு சந்தோஷம்!

எல்லாம் புதிதாக வந்த மிஸ்ஸியின் வேலை. எங்கள் தோட்டம் வட்டவளைப் பக்கம். நாடு சுதந்திரமாகிப் பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தும், பிரசவம் பார்க்கப் படித்த ஆள் எங்களுக்குக் கிடையாது. அந்த வருடம்தான் ஒரு மருத்துவச்சியை அனுப்பினார்கள். கண்டிப் பக்கத்துச் சிங்களப் பெண். மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். தமிழை எங்களிடம்தான் படித்துக்கொண்டிருந்தார். எங்களிடம் படித்தால் எப்படி வரும்? வந்த மூன்றாம் மாதமே மலையில் நாங்கள் பேசும் வசவு அத்தனையும் அவருக்கு அத்துப்படி.

ஒருநாள் காலைப் பெரட்டில், பெயர் கூப்பிட்டு வேலை பிரித்து முடிந்ததும், மிஸ்ஸி முன்னால் வந்து நின்றார்.

"முழுகாம இருக்கிற பொம்பளைங்க எல்லாம் பகலைக்கு மடுவத்துக்கு வா. மாசத்துக்கு ஒருக்கா நிறுக்கணும்."

ஆம்பிளைகள் சிரித்தார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருந்த எடை மெஷின் துருப்பிடித்து உட்கார்ந்துவிட்டதாம். தோட்டம் நடத்தும் தொரையிடம் போய்ப் பேசி, மடுவத்துத் தராசுக்கு அனுமதி வாங்கி வந்திருந்தார் மிஸ்ஸி.

எங்கள் கணக்கப்பிள்ளையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். நாளைக்கு மூன்று தடவை, காலை, பகல், அந்தி என்று கொழுந்து நிறுக்கிறவர் அவர். தராசு முகம் அவர் நிற்கிற பக்கம்தான் திரும்பியிருக்கும், நாங்கள் பார்க்க முடியாது. கூடைக்கென்று ரெண்டு றாத்தல் கழிப்பார். மழை நாளில் இலையில் ஒட்டியிருக்கும் தண்ணீருக்கென்று மேலும் கழிப்பார். தூற்றலென்றால் ரெண்டு, அடைமழை என்றால் அஞ்சு. வட்டவளையில் மழை பெய்யாத நாளை விரல் விட்டு எண்ணிவிடலாம். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மனிதரின் வாயிலிருந்து முழு எடை வந்து நான் கேட்டதில்லை.

முதல் நாள் நாங்கள் ஐந்து பேர் போனோம். சித்திரை மாதம், நல்ல வெயில். எனக்கு ஐந்தாம் மாதம். தலைக் கயிற்றையும் கூடையையும் கழற்றிவைத்துவிட்டு, இடுப்பில் சுற்றியிருந்த படங்குத் துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டுச் சாக்கில் ஏறினேன். காலைத் தூக்கியதும் சாக்கு ஒரு சுற்றுச் சுற்றியது. மற்றவர்கள் கூச்சல் போட்டார்கள்.

"எம்பத்தாறு!" என்றார் கணக்கப்பிள்ளை.

மிஸ்ஸி ஓர் அட்டையில் எழுதிக்கொண்டார். கீழ் இமையை இழுத்துப் பார்த்து, "அனே, ரத்தமே இல்லையே. நல்லா சாப்பிடு. மாசா மாசம் எடை ஏறணும். ஏறினாத்தான் புள்ள வளருதுன்னு அர்த்தம்," என்றார்.

அந்தக் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். ஏனென்றால் அது எனக்கு இரண்டாவது. மூத்தது ஒரு கைப்பிடிப் பிள்ளையாகப் பிறந்து ஐந்தாம் நாள் போய்விட்டது. மூன்று றாத்தல்கூடத் தேறாது என்று எங்கள் லயத்து வீடுகளில் பேசிக்கொண்டார்கள். அவர்கள் பேசிக்கொண்டதுதான், யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை. நான் பறித்த இலையை நாளைக்கு மூன்று தடவை நிறுத்தார்கள், நான் பெற்ற பிள்ளையை ஒரு தடவைகூட நிறுக்கவில்லை. அந்த வயிற்றெரிச்சல் எனக்குள் கிடந்தது. இந்தப் பிள்ளை பிழைக்க வேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

நல்லா சாப்பிடு என்று மிஸ்ஸி சொல்லிவிட்டார். என் மாமியாரிடம் யார் சொல்வது?

"அரை வயிறு சாப்புடு போதும். புள்ள சின்னதா இருந்தாத்தான் சுளுவா பொறக்கும்," என்பதுதான் மாமியாரின் சட்டம். காலையில் ஒரு ரொட்டி, சாயத்தண்ணி. பகலைக்குச் சோறு வைக்கும்போது அகப்பையைத் தட்டித் தட்டி வைப்பார். முட்டை சூடு, கருவாடு கரப்பான், பருப்பு வாய்வு. எனக்கு எதை எடுத்தாலும் ஒரு குற்றம் இருக்கும். பசியில் நான் பச்சைக் கொழுந்தைக்கூட மென்றிருக்கிறேன். வாய்விட்டுக் கேட்கப் பயம். மூத்தது போனதற்கு நான்தான் காரணம் என்று அவர் நினைக்கிறாரோ என்று வேறு ஒரு சந்தேகம்.

வைகாசியில் மழை பிடித்தது. இரண்டாம் தடவை சாக்கில் ஏறினேன். "எம்பத்தாறு!" மிஸ்ஸி அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஆனியில் அடைமழை. தலையில் போட்டிருந்த கம்பளியைப் பிழிந்து வைத்துவிட்டு மூன்றாம் தடவை ஏறினேன்.

"எம்பத்தஞ்சு!"

வயிறு முன்னால் வருகிறது, எடை இறங்குகிறது. அப்படியென்றால் உள்ளே பிள்ளை கரைகிறதா? ஐந்து பேரில் ஒருத்திக்கும் எடை ஏறியிருக்கவில்லை. மிஸ்ஸியின் முகம் சிவந்துவிட்டது. நேரே தொரையின் பங்களாவுக்குப் போனார். என்ன பேசினாரோ, நாங்கள் கற்றுக்கொடுத்த தமிழ்ச் சொற்கள் ஒன்றிரண்டும் அதில் இருந்திருக்கும். மறுநாளே எங்களுக்குச் சரிவுப் பக்கத்து மலையில் வேலை கிடையாது, ரோட்டோரத்து லேசான வேலைதான் என்று உத்தரவு வந்தது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் தினமும் காலையில் ஆளுக்கு ஒரு பெரிய கப் பால்மா. மிஸ்ஸி கண்ணெதிரே நின்று குடிக்க வேண்டும். ஆவி பறக்கிற பாலைக் கையில் வாங்கியபோது எனக்குத் தொரைசாணி ஆகிவிட்டதுபோல இருந்தது.

அதோடு விடவில்லை. அன்று சாயங்காலமே எங்கள் லயத்துக் காம்பராவுக்கு வந்து, மாமியாரிடம் அட்டையை நீட்டினார்.

"பாரு. எம்பத்தாறு, எம்பத்தாறு, எம்பத்தஞ்சு. இப்பிடிப் போனா இந்தப் புள்ளையும் இல்ல, அம்மாவும் இல்ல."

மாமியாருக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் அட்டையை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு அப்படியே அடுப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"என் தங்கச்சி புள்ள பெருசாகி, வெளிய வராமத்தான் செத்தா மிஸ்ஸி. கம்பளியில கட்டித் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம், பாதி வழிகூடப் போகல. இவளும் அப்பிடிப் போயிருவாளோன்னுதான் நான் அளந்து அளந்து போட்டேன்."

ஐந்து வருடம் ஒரே அடுப்பில் சமைத்திருக்கிறோம், எனக்கு இது தெரியாது. எனக்கு அழுகை வந்தது, கூடவே கோபமும் வந்தது. இதை முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே!

மிஸ்ஸி அவர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார். "புள்ள பெருசுன்னா நான் முன்னாடியே கை வச்சுப் பார்த்துச் சொல்லுவேன். லொறி கூப்பிட்டு டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவேன். நான் இருக்கேன். நீ சோறு போடு," என்றார்.

அடுத்த நாளிலிருந்து எங்கள் காம்பராவில் திருவிழாதான். என் வீட்டுக்காரர் டவுனுக்குப் போய், பாய் கடையில் நெத்திலிக் கருவாடும் பயறும் வாங்கி வந்தார். மாமியார் ஓடைக்கரையில் வல்லாரை பறித்துத் தேங்காய்ப்பூ போட்டுச் சுண்டினார். முட்டையிடுகிற கோழியை அவர் பார்த்த பார்வையில், பாவம், அது ஒரு நாள்கூடச் சும்மா இருக்கவில்லை. அகப்பையைத் தட்டுகிற சத்தம் நின்றுபோனது. நான் போதும் என்றால், "எம்பத்தஞ்சு!" என்று அதட்டுவார். அந்த மாதம் என் பெயரே எம்பத்தஞ்சு ஆகிவிட்டது.

ஆடி மாதம் நான்காவது நிறுவை. எனக்கு எட்டாம் மாதம். மடுவத்துத் தகரத்தில் மழை கொட்டுகிறது. அன்று புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள், அவளுக்குத் தலைப்பிள்ளை. சாக்கில் ஏற மாட்டேன் என்று அடம்பிடித்தாள்.

"இதுல பயப்பட என்ன இருக்கு? பாரு, நான் ஏறுறேன்," என்று மிஸ்ஸியே வெள்ளை உடுப்போடு சாக்கில் உட்கார்ந்து காலைத் தூக்கிவிட்டார். நாங்கள் கைதட்டினோம்.

"நூத்திப் பதிமூணு!" என்றார் கணக்கப்பிள்ளை.

"பொய்," என்றார் மிஸ்ஸி தொங்கியபடியே. "போன கெழமை டவுன் ஆஸ்பத்திரியில நிறுத்தேன். நூத்தி இருவது."

கணக்கப்பிள்ளைக்கு ரோஷம் வந்துவிட்டது. தராசைக் குறை சொன்னால் அவருக்குப் பொறுக்காது. "முள்ளு நூத்தி இருவதுதான் மிஸ்ஸி காட்டுது. கூடைக்கு ரெண்டு, தண்ணிக்கு அஞ்சு போயிருக்கு," என்றார்.

"எந்தக் கூடை?"

கணக்கப்பிள்ளை சாக்கைப் பார்த்தார். மெதுவாகத் திரும்பி எங்களைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. தலை முதல் கால் வரை புரிந்துவிட்டது.

"ஐயா, வயித்துப் புள்ளைகிட்டயுமா கழிச்சீங்க?" என்று கத்தினேன்.

"இருவது வருசமாக் கழிச்ச வாய் புள்ள. தானாக் கழிச்சிருச்சு," என்றார் அவர். அழுதுவிடுவார் போலிருந்தது. பிறகு விரல் மடித்துச் சொன்னார்: சித்திரையில் கூடைக்கு மட்டும் ரெண்டு. வைகாசியில் தண்ணியும் சேர்த்து நாலு. ஆனியில் ஏழு.

மிஸ்ஸி சாக்கிலிருந்து குதித்து அட்டைகளைப் பிடுங்கித் திருத்தினார். எனக்கு எண்பத்தெட்டு, தொண்ணூறு, தொண்ணூற்றிரண்டு. பிள்ளை கரையவே இல்லை! மாதா மாதம் ஏறிக்கொண்டுதான் இருந்திருக்கிறது! என்னைச் சாக்கில் ஏற்றினார்கள். இந்தத் தடவை மிஸ்ஸியே முள்ளைப் பார்த்தார்.

"தொண்ணூத்தேழு!"

அந்தச் சிரிப்பையும் கூச்சலையும் கேட்டுத் தேயிலை ஸ்டோர் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு மாதம் நான் அழுத அழுகைக்கு அந்த மனிதரை என்ன செய்தாலும் தகும் என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த நிமிடமே யோசித்தேன். இவர் கழிக்காமல் இருந்திருந்தால் பால்மா ஏது, முட்டை ஏது, அரைவயிற்றோடு மலை ஏறிக்கொண்டிருப்பேனே. அவரைத் திட்டுவதா கும்பிடுவதா என்று தெரியாமல் விழுந்து விழுந்து சிரித்தேன்.

சிரித்துவிட்டேனே தவிர, வீட்டுக்குப் போகக் காலே வரவில்லை. செய்தி எனக்கு முன்னால் லயத்துக்குப் போயிருந்தது. உண்மை தெரிந்ததும் மாமியார் பழையபடி அகப்பையைத் தட்டத் தொடங்கினால்? தொண்ணூற்றேழு என்றால் பிள்ளை பெருசு என்று பயந்துவிட்டால்?

மாமியார் தட்டைக் கழுவி வைத்துக்கொண்டு காத்திருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"தொண்ணூத்தேழாமே?"

"ஆமாங்க அத்தை."

"மிஸ்ஸி கை வச்சுப் பார்த்துச்சா?"

"பார்த்தாங்க. புள்ள அளவாத்தான் இருக்குன்னாங்க."

ஒரு பெருமூச்சு விட்டார். "சரி, உக்காரு. நூறாக்கிப்புடுவோம்," என்று சொல்லி அகப்பை நிறையச் சோற்றைப் போட்டார்.

புரட்டாசிக் கடைசியில் மகள் பிறந்தாள். மிஸ்ஸிதான் பார்த்தார். மாமியார் கதவுக்கு வெளியே நின்று வேண்டாத சாமி இல்லை. லொறியும் தேவைப்படவில்லை, கம்பளியும் தேவைப்படவில்லை. பிறந்த உடனே அழுதாள், அடுத்த லயம் வரைக்கும் கேட்டதாம்.

முப்பது நாள் கழிந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிய மறுநாள், பகல் நிறுவை நேரத்துக்குப் பிள்ளையை மடுவத்துக்குக் கொண்டுபோனோம். என் கொழுந்துக் கூடையிலேயே பழைய சேலையை மடித்துப் போட்டு அவளைப் படுக்கவைத்தேன். மாமியார் கூடையைத் தூக்கிக் கொக்கியில் மாட்டிவிட்டு, ரெண்டு கையையும் அடியில் தொடாமல் ஏந்தியபடி நின்றார். கணக்கப்பிள்ளை தராசு முகத்தை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். நான் பார்க்க அவர் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

"பதினொன்னு," என்றார்.

"கழிக்காதீங்க ஐயா! கழிக்காதீங்க!" என்று மடுவமே கத்தியது.

எனக்கு வேறு மாதிரி இருந்தது. "கழிங்க ஐயா," என்றேன். "கூடைக்குக் கழிங்க. சேலைக்குக் கழிங்க. எம்புள்ள எடை எனக்குச் சரியா வேணும்."

அவர் விரல் மடித்தார். "கூடைக்கு ரெண்டு. சேலைக்கு அரை. எட்டரை றாத்தல்." கூடையின் அடியிலிருந்து மாமியாரின் கையில் ஏதோ சொட்டுவதைக் கவனித்து, "தண்ணிக்கு...?" என்று இழுத்தார்.

"அது அவ தண்ணி ஐயா. அதுல கை வைக்காதீங்க," என்றேன்.

சிரிப்பு அடங்க நேரமானது. மிஸ்ஸி அட்டையில் எழுதினார். நான் கூடையை இறக்கப் போனேன். மாமியார் நனைந்த கையாலேயே என்னைத் தடுத்தார்.

"இருங்க ஐயா. கொழுந்துக்கு மூணு நிறுவை இருக்குல்ல? மூத்ததுக்கு ஒன்னுகூட நாங்க பார்க்கல. இவளுக்கு மூணும் நிறுத்துக் காட்டுங்க."

கணக்கப்பிள்ளை கூடையை இறக்கி, மறுபடி மாட்டினார். எட்டரை. இறக்கி, மறுபடி மாட்டினார். எட்டரை.