சந்தனப் பொட்டு வைத்த டேப்

கம்ப்யூட்டரில் இருப்பதை டேப்பில் நகலெடுத்து வைக்கும் பேக்கப் வேலையில் இரண்டு விஷயம்தான் முக்கியம். எந்த டேப்பை என்றைக்குப் போடுவது, அதன் மேல் எப்போது மறுபடி எழுதலாம் என்பது. இரண்டையும் எனக்கு ஒழுங்காகப் புரியவைத்தவர் திண்டிவனத்தில் ஒரு தனியார் பயிற்சி நிலையத்தின் மேனேஜர். எல்லாவற்றையும் தப்பாகச் செய்து புரியவைத்தார்.

நான் விழுப்புரத்திலிருந்து சர்வீஸுக்குப் போகிறவன். கிழமைக்கு ஒரு டேப், மாதக் கடைசிக்குத் தனி டேப் என்று அங்கே அமைத்திருந்தேன். மாதக் கடைசி டேப்பை ஒரு வருடம் ஓவர்ரைட் செய்ய முடியாதபடி செட்டிங்கும் போட்டிருந்தேன். பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு நாள் அவசரமாகக் கூப்பிட்டார்கள். முன்பு அங்கே படித்த பெண் ஒருத்தி மார்க் ஷீட்டைத் தொலைத்துவிட்டு வந்து நின்றாள். மறுநாள் காட்டினால்தான் வேலை. பேப்பர் ரெக்கார்டைக் கரையான் தின்றிருந்தது. கம்ப்யூட்டரில் அவள் பேட்ச்சே இல்லை.

"டிஸ்க் ரொம்பிப் போச்சுன்னு தீபாவளி சமயத்துல நான்தாம்பா அழிச்சேன்" என்றார் மேனேஜர். "பாஸாகிப் போனவங்களுக்கு இங்க இன்னா வேலை?"

டேப்களைப் போட்டுப் பார்த்தேன். மாதக் கடைசி டேப் உட்பட எல்லாவற்றின் மேலும் புதிதாக எழுதியிருந்தது. ஓவர்ரைட் ஆகாமல் காக்க நான் போட்டிருந்த செட்டிங்கில் நாட்கள் பூஜ்யம்.

"வேற டேப்பு குடு, வேற டேப்பு குடுன்னு உன் சாஃப்ட்வேரு தெனம் பேஜாரு பண்ணிக்கினே இருந்திச்சி. ஜீரோ போட்டேன், வாய மூடிக்கிச்சி."

எனக்கு வந்த கோபத்தில் டேப்களை அடுக்கிப் பார்த்தேன். ஒன்று குறைந்தது.

"அதுவா? ஆயுத பூஜைக்கு சாமிகிட்ட வச்சது. அப்பிடியே கீது."

ஆயுத பூஜை தீபாவளிக்கு முன்னால்! அப்படியானால் அழிப்பதற்கு முன் எடுத்த நகல் அது. சாமி அலமாரியில், ஸ்டேப்ளருக்கும் ஸ்க்ரூடிரைவருக்கும் நடுவே, பொட்டோடு உட்கார்ந்திருந்தது டேப்.

"சாமிக்கு வச்சத எடுக்கக் கூடாதுபா. குத்தம்."

அந்தப் பெண் முன்னால் வந்தாள். "சாமிகிட்ட கம்ப்யூட்டர் இல்ல சார், எனக்கு வேலை இல்ல. எடுத்துக் குடுங்க. குத்தம் வந்தா பிரம்மதேசத்துக்கு அனுப்பி வைங்க, எங்க ஊரு அதான்."

மேனேஜர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் நாற்காலி மேல் ஏறி எடுத்தேன். சந்தனத்தைத் துடைத்து, முதல் வேலையாக, யாரும் மேலே எழுத முடியாதபடி டேப்பின் லாக்கைத் தள்ளிவிட்டு டிரைவில் போட்டேன். பிரிண்டர் அவள் பெயரை அடித்தபோதுதான் எனக்கு உயிர் வந்தது. அவள் தாளை வாங்கி, சாமிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஓடினாள். எனக்கு ஒன்றும் போடவில்லை.

அதற்குப் பிறகு எந்த ஆபீஸுக்குப் போனாலும், மாதக் கடைசி டேப்பை லாக் போட்டுச் சாமி அலமாரியில் வைக்கச் சொல்வேன். செட்டிங்கை யாரும் பூஜ்யம் ஆக்கிவிடலாம். சந்தனப் பொட்டின் மேல் கைவைக்க ஒரு மேனேஜருக்கும் தைரியம் வந்ததில்லை.