மட்கார்டில் ஒரு கையகலம்

என் பெரியப்பா மகன் பொய் சொல்லுகிறார். தெரிந்தே சொல்லுகிறார். மாதா கோயில் திருவிழாவுக்கு வருகிற விருந்தாளிகளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டுபோய், கொட்டகையைத் திறந்து, மூடியிருக்கும் துணியை உருவி, அந்தக் கறுப்புக் காரைக் காட்டுகிறார். "அந்தக் காலத்துப் பெயிண்ட்டு. ஒரு சொட்டு மேல அடிச்சதில்ல. எங்கப்பா தன் கையால மெழுகு தேச்சுத் தேச்சுக் காப்பாத்துன வண்டி" என்கிறார். இடப்பக்கத்துப் பின் மட்கார்டில் கையகலத்துக்கு மங்கிக் கிடக்கிறதே என்று யாராவது கேட்டால், "கப்பல்ல இருந்து தோணிக்கு எறக்கயில ஒரசிட்டு" என்கிறார்.

இரண்டும் பொய். பெரியப்பா ஒரு நாளும் அந்த வண்டியில் மெழுகு தேய்த்ததில்லை. தேய்த்தது என் அத்தை. மட்கார்டில் இருக்கும் மங்கல் கப்பலிலிருந்து வந்ததும் அல்ல. நான் அங்கே இருந்தேன். அவரும் இருந்தார்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்கிய சமயத்தில் வந்த வண்டி அது. பெரியப்பாவுக்குத் தோணிகள் ஓடின. அவற்றில் ஒன்றை ஓட்டிப்போகும் தண்டல் என் அப்பா. கொழும்புக்கு ஓடு ஏற்றிப்போவார், வருவார். நாங்கள் இருந்தது பெரியப்பா வீட்டுப் பின்கட்டில். சாப்பிட்டது அவர் போட்ட சோறு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மா ஏன் வாய் திறக்கவில்லை என்று பிறகு யாரும் கேட்கக் கூடாது.

தூத்துக்குடியில் கப்பல் கரைக்கு வராது. ஆழம் பற்றாது. தூரத்தில் நிற்கும், தோணிகள் போய்ச் சரக்கை எடுத்துவரும். பிளசர் கார் தோணியில் வந்து இறங்கியபோது கடற்கரைத் தெருவே திரண்டு நின்றது. பெரியப்பா முதலில் செய்த காரியம், வேட்டி முனையால் அதன் மேல் இருந்த கடல்தண்ணீரைத் துடைத்தது. தன் பிள்ளைகளின் மூக்கைக்கூட அவர் துடைத்து நான் பார்த்ததில்லை.

வண்டியோடு ஒரு சீமை மெழுகு டப்பாவும் வந்தது. அது தீர்ந்தபிறகு வேறு டப்பா வரவில்லை. யுத்தத்தில் கப்பலுக்கு வேறு வேலை இருந்தது. பெட்ரோலுக்கும் ரேஷன் வந்துவிட்டது. வண்டி ஓடாமல் கொட்டகையில் நின்றது. ஓடாத வண்டிக்கு மெழுகு எதற்கு என்று அன்றைக்கு என் வயதில் இருந்த சின்னப் பிள்ளைக்கே தோன்றும். பெரியப்பாவுக்குத் தோன்றவில்லை. உப்புக்காற்று தின்றுவிடும் என்று பயந்தார். தோணிக்காரர் அல்லவா. அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். தோணியைக் கரையில் ஏற்றி, குங்கிலியத்தையும் எண்ணெயையும் பெரிய சட்டியில் காய்ச்சி, சூடு ஆறுமுன் பலகையில் பூசுவார்கள். ஆறினால் பிடிக்காது. மோட்டாரும் அப்படித்தான் என்று முடிவு கட்டினார். மெழுகை உருக்கி, கற்பூரத்தைலம் கலந்து, சூட்டோடு பூச வேண்டும். அவருக்கு எதிர்ப்பேச்சு பேச அந்த வீட்டில் ஆள் இல்லை.

பூசுவதற்கு ஆண்கள் உதவமாட்டார்கள். "கயிறு இழுத்துக் காச்ச கை. நகத்துல உப்பு இருக்கும். பெயிண்ட்டச் சொறிஞ்சிரும்" என்றார். பெரியம்மாவுக்கு முட்டுவலி. என் அம்மா கை அம்மி அரைத்த கை. அத்தையின் உள்ளங்கைதான் பூப்போல இருந்தது. அவள் பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் கடைசித் தங்கை. கல்யாணம் ஆகாதவள். முத்துக்குளிப்பு நின்றுபோய்ப் பல வருடம் ஆகியிருந்தது. முத்துத் துடைக்கும் மெல்லிய துணிகள் பெட்டியில் சும்மா கிடந்தன. அவற்றை எடுத்து அவளிடம் கொடுத்தார்கள்.

மெழுகுக்கு அத்தை மாதா கோயிலுக்குப் போவாள். நானும் கூடப் போவேன். மெழுகுதிரி ஏற்றும் தட்டில் வழிந்து உறைந்து கிடப்பதை உபதேசியார் சுரண்டி எங்களுக்குத் தருவார்.

"மாதாவுக்கு ஏத்துனத மோட்டாருக்குப் பூசுதியளாக்கும்? அது எங்கன போவுது, மோட்சத்துக்கா?" என்று சிரிப்பார்.

"எங்கயும் போவல அண்ணாச்சி. நிக்கிற எடத்துல நிக்கி" என்பாள் அத்தை.

அவளுக்கு அப்போது மணப்பாட்டில் மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். மாப்பிள்ளைக்குச் சற்று வயது கூடுதல். அத்தை முகத்தைச் சுளித்துக்கொண்டு இரண்டொரு நாள் திரிந்தாள், பிறகு சரியாகிவிட்டாள். மாப்பிள்ளைக்கு மீசை எப்படி என்று அம்மாவிடம் ரகசியமாகக் கேட்டதை நான் கேட்டேன். கல்யாணத்தன்று அந்தப் பிளசரில்தான் கோயிலுக்குப் போவாள் என்று பேச்சு. அதற்காகப் பெரியப்பா பெட்ரோல் சேர்த்துவைத்திருந்தார். ரேஷனில் கிடைத்தது அல்ல. டின் டின்னாகக் கொட்டகையில் பாய்மரத் துணிக்கு அடியில் இருந்தது. பிள்ளைகள் அதைப் பற்றி வெளியே மூச்சுவிடக் கூடாது என்று உத்தரவு. நாங்களும் விடவில்லை. அந்த விஷயத்தில் நல்ல பிள்ளைகள்.

திருவிழாவுக்கு முன் கச்சான் காற்று அடிக்கிற மாதம் அது. மேற்கே தேரி மணல்மேட்டிலிருந்து செம்மணலை அள்ளிக்கொண்டு வந்து கண்ணிலும் சோற்றிலும் போடும். மணப்பாட்டுக்காரர்கள் திருவிழாவுக்கு வருகிறார்கள் என்று தகவல் வந்தது. வண்டி மினுங்க வேண்டும். கடைத்தெருவில் கற்பூரத்தைலம் இல்லை. பெரியப்பா யோசித்தார். அவர் யோசித்தால் யாருக்காவது கஷ்டம்.

"பெட்ரோல் கலந்தா என்ன? சீக்கிரம் காயும், நல்லாவும் மினுங்கும்" என்றார்.

அன்று மத்தியானம் கொட்டகைக்குள் கரி அடுப்பு வந்தது. மெழுகை வெளியே காய்ச்சி உள்ளே கொண்டுவந்தால் ஆறிவிடும், அதனால் உள்ளேயே. மணல் பறந்து ஈர மெழுகில் ஒட்டினால் பெயிண்ட் கீறும், அதனால் பெரிய கதவு சாத்தி. பக்கத்துச் சின்னக் கதவு மட்டும் ஒருக்களித்திருந்தது. நான் அந்தக் கதவின் வெளிப்படியில் உட்கார்ந்திருந்தேன்.

தோணிக்குக் குங்கிலியம் காய்ச்சுவது கடற்கரையில், காற்றில். இங்கே காற்று வரக் கூடாது என்று கதவைச் சாத்தியிருந்தார்கள். இந்த வித்தியாசம் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

பெரியப்பாதான் டின்னைத் திறந்தார். அவர் கையால்தான் மெழுகுச் சட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் ஊற்றிவைத்தார். "கொஞ்சங்கொஞ்சமா விட்டுக் கிண்டுளா" என்றார்.

அத்தை மூக்கைப் பொத்தினாள். "அண்ணே, நாத்தம் தலையச் சுத்துது. கதவத் தொறந்து வையுங்க."

"தொறந்தா மண்ணு வரும். ஒனக்குக் கல்யாணம், நீதான உக்காந்து போவப்போற? கொஞ்சம் பொறுத்துக்கோளா. மகாராணி மாதிரி போவலாம்."

"மகாராணி அடுப்பு ஊதுவாளா அண்ணே?"

பெரியப்பாவே சிரித்துவிட்டார். சிரித்தபடி என்னைத் தாண்டி வெளியே போனார். அத்தை என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். பின் மட்கார்டைத் துணியால் துடைத்துக்கொண்டே, "ஏளா, இதுல ஒன் மூஞ்சி தெரியுது பாரு. மூக்கு ஒழுகுது" என்றாள். நான் மூக்கைத் துடைத்தேன். அவள் கிண்ணத்தை எடுத்தாள்.

சத்தம் பெரிதாக இல்லை. ஈரப் பாயை யாரோ உதறியது போல ஒரு சத்தம். சின்னக் கதவு வழியாக வெளிச்சம் வந்தது.

எல்லாரும் ஓடிவந்தார்கள். பெரியப்பா, தோணி ஆட்கள், தெருக்காரர்கள். பெரிய கதவைத் திறந்தார்கள். பெரியப்பா போட்ட கூச்சல் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. "ஏலே, வண்டியத் தள்ளுங்கலே! வண்டியத் தள்ளுங்க!" எல்லாருடைய கையும் வண்டியில் இருந்தது. உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்து வளைத்தது பெரியப்பா மகன். அப்போது மீசை முளைக்காத பையன், ஆனால் விவரம் தெரிந்த பையன். வண்டி முற்றத்துக்கு வந்துவிட்டது. மட்கார்டில் ஒரு கையகலம் பெயிண்ட் கொப்பளித்திருந்தது. அவ்வளவுதான் சேதம்.

அத்தை சின்னக் கதவு வழியாகத் தானாக வெளியே வந்தாள். அவளை யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். என்ன பார்த்தேன் என்று எழுதமாட்டேன். கிணற்றடியில் நனைந்து கிடந்த சாக்கை எடுத்துக்கொண்டு ஓடிவந்து அவளை மூடியது என் அம்மா ஒருத்திதான்.

ஆஸ்பத்திரிக்கு மாட்டுவண்டியில் கொண்டுபோனார்கள். "பிளசர்ல பெட்ரோல் இல்ல" என்று பெரியப்பா எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். மாட்டுவண்டி மெதுவாகப் போனது. பிளசர் முற்றத்தில் வெயிலில் மினுங்கிக்கொண்டு நின்றது. உண்மையிலேயே பெட்ரோல் தீர்ந்துவிட்டது போல, எல்லாமும் எரிந்துவிட்டது போல என்று நான் நம்பினேன். பாய்மரத் துணியோடு டின்களைத் தோணி ஆட்கள் கொல்லைப்பக்கமாகத் தூக்கிக்கொண்டு ஓடியதைப் பார்த்தேன். பார்த்தும் நம்பினேன்.

விசாரிக்க வந்தவர்களிடம் பெரியப்பா சொன்னது இது: "அடுப்படியில. மண்ணெண்ணெ."

கொட்டகை என்றால் பெட்ரோல் வெளியே வரும். பெட்ரோல் வந்தால் யுத்தகாலத்தில் ஜெயில். ஆகவே அடுப்படி. கல்யாணம் பேசிய பெண், வயது கூடின மாப்பிள்ளை, அடுப்படி, மண்ணெண்ணெய். ஊருக்கு இது போதும். மற்றதை ஊரே சொல்லிக்கொண்டது. மாப்பிள்ளை பிடிக்கவில்லை, கொளுத்திக்கொண்டாள்.

அத்தை கண் திறக்காமலே செத்துப்போனாள். சாகுமுன் எண்ணெய் பூசி மந்திரிக்கும் அவஸ்தைப்பூசுதலுக்குச் சாமியார் வருவதற்குள் முடிந்துவிட்டது. சாமியார் வீட்டுக்கு வந்து பெரியப்பாவைத் தனியாகக் கூப்பிட்டார். தனியாக என்றால் பெரியவர்களுக்குத்தான் தனி. நான் தூணுக்குப் பின்னால் நின்றேன்.

"அது தானா செஞ்சுகிட்டதுன்னு பேசிக்கிடுதாங்க. நீர் என்ன சொல்லுதீரு?"

பெரியப்பா கைகட்டி நின்றார். கொட்டகைப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, "தெரியல சாமி" என்றார்.

அவர் செய்ததிலெல்லாம் எனக்கு மறக்காதது இதுதான். நெருப்பு யார் வீட்டிலும் பற்றும். வண்டியைத் தள்ளச் சொன்னதைக்கூடப் பதற்றம் என்று விட்டுவிடலாம். "தெரியல" என்று சொன்னது பதற்றத்தில் அல்ல. யோசித்துச் சொன்னார்.

தானாக உயிரை விட்டவர்களுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. அத்தையைச் சுவருக்கு வெளியே புதைத்தார்கள். சாமியார் மந்திரிக்காத மண்ணில். கோயில் மணி அடிக்கவில்லை. குருசு தூக்கிக்கொண்டு யாரும் முன்னே போகவில்லை. அப்பா கொழும்பிலிருந்து வந்தபோது அந்த மண் மேல் வேலிக்கருவை முள் முளைத்துவிட்டது. அம்மா அவரிடம் சொன்னாளா, தெரியாது. சொல்லியிருந்தாலும் அவர் அடுத்த நடைக்குப் பெரியப்பா தோணியில்தான் போனார்.

சுவருக்கு வெளியே ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. உள்ளே இடம் இல்லை போல என்று நினைத்தேன். சுவர் மேல் எட்டிப் பார்த்தேன். உள்ளே நிறைய இடம் இருந்தது. சரி, அத்தைக்குக் காற்று வேண்டும் என்றுதான் வெளியே வைத்திருக்கிறார்கள், கதவைத் திறந்து வையுங்கள் என்று அவள் கேட்டாளே என்று நினைத்துச் சமாதானமானேன். அந்த வயதில் எனக்குக் கிடைத்த சமாதானம் அது. என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

பெரியப்பா போய்விட்டார். அவருக்கு மணி அடித்தது. உள்ளே, நல்ல இடத்தில், பளிங்குக் கல்லறை. அம்மாவும் போய்விட்டாள். மிச்சம் இருப்பது நானும் ஸ்டியரிங்கைப் பிடித்தவரும்.

இந்த வருடத் திருவிழாவுக்கு அண்ணன் அந்தக் காரைக் கோயில் முற்றத்துக்குக் கொண்டுவரப் போகிறாராம். பூசை முடிந்ததும் சாமியார் அதற்கு மந்திரித்துத் தீர்த்தம் தெளிப்பாராம். மெழுகெல்லாம் புதிதாகத் தேய்த்தாகிவிட்டதாம். எனக்கும் அழைப்பு வந்திருக்கிறது. வருவேன்.

அண்ணே, தீர்த்தம் வண்டி மேல் விழுமுன், அத்தனை ஜனத்துக்கும் முன்னால், நீங்கள் அந்த மட்கார்டில் கையை வைத்துப் பதில் சொல்ல வேண்டும். இது கப்பலில் உரசியதா? அன்றைக்குக் கிண்ணத்தில் இருந்தது என்ன? ஊற்றியது யார்? வண்டியை நீங்கள் வளைத்துத் திருப்பியபோது, சின்னக் கதவு வழியாக யார் வந்தார் என்று உங்களுக்குத் தெரியும். கண்ணாடி வழியாக நீங்கள் பார்த்ததை நான் பார்த்தேன். "தெரியல" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தப் பதிலை உங்கள் அப்பா ஏற்கெனவே சொல்லிவிட்டார். தெரியும் என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு, சாமியார் கையில் இருக்கிற தீர்த்தத்தோடு அவரைச் சுவருக்கு வெளியே கூட்டிவாருங்கள். இடத்தை நான் காட்டுகிறேன்.