காம்பு இழைத்த கதை

“நீ இழைக்கிற காம்பு ஒரு வரப்பு வெட்டறதுக்குள்ள முறிஞ்சி பூடும். இன்னாத்துக்கும்மே ஒனக்கு இந்த வேல?” என்றார் நைனா. எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய மண்வெட்டிக் காம்பு உடைந்திருந்தது. புதுக் காம்பு நான் செய்து தருகிறேன், ஆயுதம் மட்டும் வாங்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். அம்மா முறத்தை வைத்துவிட்டுச் சிரித்தாள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். டிப்ளமாவும் முடித்து, மாமல்லபுரம் சாலையில் ஓர் அலுவலகத்தில் கட்டட வரைபடம் வரைந்துகொண்டிருந்தேன். டிப்ளமா முதல் வருஷத்தில் எல்லாருக்கும் தச்சு வகுப்பு உண்டு. மற்றவர்கள் சீக்கிரம் முடித்துவிட்டு ஓடுவார்கள். நான் மட்டும் மணி அடித்த பிறகும் மரத்தூளில் நிற்பேன். அங்கே சுவரில் தொங்கியது ஸ்போக் ஷேவ். இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த குட்டி இழைப்புளி. காம்பு, நாற்காலிக் கால் போன்ற உருண்டையான மரத்தை இழைப்பதற்கு. அந்த வருஷம் முழுவதும் அதைத் தொட எனக்கு முறை வரவே இல்லை.

ஒரு சனிக்கிழமை செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போய் ஸ்போக் ஷேவ் கேட்டேன்.

“யாருக்கும்மா? ஆசாரி அனுப்சாரா?”

“எனக்குத்தாண்ணா.”

கடைக்காரர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு இரண்டை எடுத்து வைத்தார். ஒன்றுக்கு அடிப்பாகம் தட்டை. மற்றதற்கு வளைவு. “காம்பு உருண்டைதானே? அப்போ வளைஞ்சத எடுத்துக்கோ” என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனாலும் மூலையில் விற்பனைக்கு இருந்த ஒட்டடைக் குச்சி ஒன்றை எடுத்து, அதன் மேல் இரண்டையும் வைத்துப் பார்த்தேன். வளைந்தது முன்னும் பின்னும் ஊஞ்சல் ஆடியது. தட்டையானது குச்சியோடு நேராக உட்கார்ந்தது.

“இதான்” என்றேன்.

“கடைய ஒட்டட அடிக்க வந்துகீது போல” என்றார் பின்னால் நின்றவர். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆயுதம் என் பையில் இருந்தது.

கருவேலங் கட்டை வீட்டிலேயே கிடந்தது. பட்டறை மேசை ஏது? கட்டையின் ஒரு முனையைச் சுவரில் முட்டுக்கொடுத்தேன். மறு முனைக்கும் வயிற்றுக்கும் நடுவில் சாக்கை மடித்து வைத்து, என் பக்கமாக இழுத்து இழைத்தேன். முதலில் மரம் சிராய் சிராயாகப் பிய்ந்தது. பிளேடைக் கல்லில் தீட்டி, கொஞ்சம் உள்ளே தள்ளினேன். அப்புறம் பார்க்க வேண்டுமே! வெங்காயத் தோல் மாதிரி சீவல் சுருண்டு சுருண்டு விழுந்தது. கோழிகள் அதைக் கொத்திப் பார்த்து ஏமாந்து போயின.

இழைத்ததோடு நிறுத்தியிருக்கலாம். அணுபுரம் குவார்ட்டர்ஸில் ஒரு தோழி வீட்டு நாற்காலிகள் கண்ணாடி மாதிரி பளபளக்கும். மரவேலை என்றால் அதுதான் என்று நினைத்திருந்தேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இரண்டு கை வார்னிஷும் அடித்தேன்.

நைனா அதை மண்வெட்டியில் மாட்டி வயலுக்கு எடுத்துப் போனார். நானும் வரப்பில் போய் நின்றேன். ஈரக் கையோடு ஓங்கினார். மண்வெட்டி கையிலிருந்து நழுவிச் சேற்றில் போய் விழுந்தது.

“இன்னாம்மே, வெளக்கெண்ண தடவிகினு வந்தியா? இத்த ஷோகேஸ்ல வெச்சிக்க!”

காதெல்லாம் சூடேறியது. காம்பு முறியவில்லை என்பது மட்டும்தான் ஆறுதல். அன்று மாலையே மறுபடி சுவரில் முட்டுக்கொடுத்து, வார்னிஷ் முழுவதையும் சீவி எடுத்தேன். இந்த முறை உப்புத்தாளைத் தொடவில்லை. ஆயுதம் விட்டுப்போன மெல்லிய பட்டைகள் நீளவாக்கில் அப்படியே இருந்தன. ஈரக் கையால் இறுக்கிப் பிடித்தேன். விரல்கள் அவற்றில் பதிந்து நின்றன.

மறுநாள் நைனா வரப்பை வெட்ட ஆரம்பித்தார். ஒரு வரப்பு முடிந்தது. அடுத்ததற்குப் போனார். பக்கத்து வயல்காரர், “காம்பு நல்லா கீதே, எங்க வாங்கன?” என்று கேட்டார்.

“கடைல கெடைக்காது. அதுக்கு டிப்ளமா படிக்கணும்” என்றார் நைனா, நிமிராமல்.

மதியம் நான் இதைச் சொன்னபோது அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. “அவுருக்கு மட்டும்தானா? என் அருவாமனக் கட்ட ஆடிகினு கீது, அது ஒன் கண்ணுல படலியா?”

பூவரசம் பலகை வாங்கியாயிற்று. அம்மாவைத் தரையில் உட்காரவைத்து, கால் மடித்து அழுத்தும் இடத்தைப் பலகையில் பென்சிலால் வரைந்து, அந்தக் கோட்டிலேயே அறுத்தும் வைத்திருக்கிறேன். இனி இழைப்பதுதான் பாக்கி.