சோற்றுப் பானையும் இரட்டை யன்னலும்: சில்க்போர்க்கிலிருந்து விபோர்க்

1986 பெப்ரவரியில் நான் விபோர்க்குக்குப் போனதற்குக் காரணம் கோபம். சில்க்போர்க்கில் நாங்கள் வாடகைக்கு இருந்த பழைய வீட்டில் மரத்தாலான இரட்டை யன்னல்கள்: வெளியே ஒரு சட்டம், உள்ளே ஒரு சட்டம். அவற்றை நானே சுரண்டி, ஆளிவிதை எண்ணெய்ப் பெயின்ற் அடித்து, வெளிச்சட்டத்தைச் சுற்றியிருந்த இடைவெளியையெல்லாம் புட்டிப் பசை வைத்து அடைத்தேன். மூன்று கிழமைக்குள் இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவில் தண்ணீர் வழிந்தது. வீட்டுச் சொந்தக்காரி பார்த்துவிட்டு, திங்கட்கிழமை தச்சன் வந்து எல்லாவற்றையும் கழற்றிப் பிளாஸ்டிக் யன்னல் போடுவான் என்றாள். எனக்கு யாரும் தொழில் கற்றுத்தரவில்லை. ஆகவே தொழில் தெரியாதவன் என்று சொல்லவும் யாருக்கும் உரிமையில்லை.

சனிக்கிழமை காலை 8.10 பஸ். ஏறக்குறைய நாற்பது கிலோமீற்றர், ஒரு மணித்தியாலம், 24 குரோனர். வழியெல்லாம் பண்ணை வீடுகளின் யன்னல்களைப் பார்ப்பதற்காக மூன்று தடவை இருக்கை மாறினேன். "எல்லா இருக்கையும் ஒரே நேரத்துக்குத்தான் போய்ச் சேரும்" என்றார் சாரதி. நான் சிரிக்கவில்லை.

மன்னார்க்காரன் அந்தோனி விபோர்க்கில் அதே மாதிரியான பழைய வீட்டில் இருந்தான்; அவனுடைய யன்னல்களைப் பார்க்கத்தான் போனேன். வெளியே மைனஸ் ஆறு. அவனுடைய கண்ணாடி பளிச்சென்று இருந்தது. என் யன்னல் கதையைச் சொல்லிவிட்டுச் சட்டத்தைத் தட்டிப் பார்த்தேன்.

"வெளிச்சட்டம் ஆடுது தம்பி. காத்து வருது."

"வரட்டும் அண்ணை. உள்ளுக்குத்தான் இறுக்கம். நீங்கள் எங்க அடைச்சனீங்கள்?"

"வெளியில. மழை அங்காலதானே பெய்யுது?"

"ஊர் மாரி மழை எண்டு நினைச்சியளே? உங்கட சோத்துப் பானை ஆவிதான் உள்ளால போய் ரெண்டு கண்ணாடிக்கும் நடுவில மாட்டுப்பட்டு நிக்குது. அது வெளியால போக வழி விட்டனீங்களே?"

"உனக்கு ஆர் சொல்லித் தந்தது?"

"ஒருத்தருமில்லை. நான் இந்த யன்னலில கையே வைக்கேல்லை அண்ணை."

அந்தப் பதில்தான் சுட்டது. அவன் வைத்த மீன்குழம்பு ஆறும்வரை இருக்கப் பொறுமையில்லை. 12.40 பஸ்ஸில் திரும்பினேன்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் வெளிப்புறப் புட்டியைச் சுரண்டி எடுத்தேன். கண்ணாடிகளைத் துடைத்துக் காயவிட்டு, உள்சட்டத்தைச் சுற்றிக் கம்பளிப் பட்டி ஒட்டினேன். "அடைச்சதும் நீங்கள், கழட்டுறதும் நீங்களோ?" என்று மனைவி கேட்டாள். நான் அடுத்த யன்னலுக்குப் போனேன்.

திங்கட்கிழமை விடியவே பெரிய பானையில் சோறு வைக்கச் சொன்னேன், மூடியில்லாமல். வீட்டுக்காரியும் தச்சனும் வந்தபோது குசினி முழுக்க ஆவி. தச்சன் உள்சட்டத்தைத் திறந்து நடுவில் விரலை ஓட்டினான். விரல் காய்ந்திருந்தது. வெளிச்சட்டத்தை மெல்ல ஆட்டினான். "இதைத் தளர விட்டவனுக்கு வேலை தெரியும்" என்றான். வீட்டுக்காரி கையிலிருந்த பிளாஸ்டிக் யன்னல் விலைக் கடதாசியை மடித்துப் பைக்குள் வைத்தாள். யன்னல்கள் தப்பின.

பழைய யன்னல் பார்க்கப் போகிறவர்கள் உறைகுளிரில் காலையிலேயே போங்கள். கோடையில் எல்லா யன்னலும் நல்ல யன்னல்தான். வெளியே மூச்சுவிட இடம் வையுங்கள், உள்ளே இறுக்குங்கள்.

முதலில் அடைத்தது யார் என்று தச்சன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அந்தோனியின் யோசனைதான் என் யன்னல்களைக் காப்பாற்றியது என்பதை இங்கேதான் முதல் தடவையாகச் சொல்கிறேன். அந்தோனிக்குக் காட்டவேண்டாம்.